மும்பையில் சிரிக்கத் தெரிந்த மனிதராக இருப்பது எப்படி

மும்பையில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அவர் சட்டையை வைத்துச் சொல்ல முடியாது. காலை எட்டரை மணிக்கு டோம்பிவிலியில் லோக்கல் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டியில் இறங்குகிற எல்லாருடைய சட்டையும் ஒரே மாதிரிதான் கசங்கியிருக்கும். பேச்சை வைத்தும் சொல்ல முடியாது, ஆபீஸுக்குப் போகிற எவருக்கும் ‘ப்ளீஸ்’, ‘சாரி’, ‘தேங்க்யூ’ எல்லாம் மனப்பாடம். சிரிப்பு மட்டும் ஆளைக் காட்டிவிடும். எதற்குச் சிரிக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், அவர் சிரித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவரை நம்பி வீட்டுக்குக் கூட்டிவரலாமா என்பது வரை புரிந்துவிடும்.

ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து, செம்பூரிலோ முலுண்டிலோ நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணன்களும் மாமாக்களும் படிக்கலாம். ஆண்களைப் பற்றியே அதிகம் பேசுவேன், ஏனென்றால் அடுத்தவர் மனம் நோகிற மாதிரி சிரித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் டீ குடிக்கப் போகிற சலுகையை நம் வீடுகள் சின்ன வயதிலிருந்தே ஆண்பிள்ளைகளுக்குத்தான் கொடுத்து வளர்த்திருக்கின்றன.

ஜென்டில்மேன் என்றால் சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு பிரபு என்று ஒருவர், 1748-ல் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், நீ புன்னகைப்பதை எல்லாரும் அடிக்கடி பார்க்கட்டும், ஆனால் உயிரோடு இருக்கும்வரை நீ சிரிக்கிற சத்தத்தை யாரும் கேட்க வேண்டாம் என்று புத்தி சொன்னார். சத்தமான சிரிப்பு அவருக்கு நாகரிகம் இல்லாதவர்களின் அடையாளம். நூறு வருடம் கழித்து, 1852-ல், டப்ளின் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம் அமைப்பது பற்றிப் பேசிய ஜான் ஹென்றி நியூமன் என்ற பாதிரியார் வேறு வழியில் போனார். அடுத்தவருக்கு வலி கொடுக்காதவர் என்று சொன்னாலே ஜென்டில்மேனுக்குக் கிட்டத்தட்ட முழு விளக்கமும் சொன்னதாகிவிடும் என்பது அவர் கருத்து. எனக்கு நியூமன் சொன்னதுதான் சரி. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பொங்கல் அன்று வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும்போது எழுகிற சிரிப்புச் சத்தத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சத்தத்தை விடுங்கள். வலி யாருக்கு என்று பாருங்கள்.

இந்த விஷயத்தில் நம் தொல்காப்பியம் இரண்டு பேரையும்விடத் தெளிவாக இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகளை, அடுக்கும்போது நகையைத்தான், அதாவது சிரிப்பைத்தான், முதலில் வைக்கிறது. அப்புறம் அந்த நகை பிறக்கிற இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, பிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற வெகுளித்தனம் என்று எடுத்துக்கொள்ளலாம். அறையில் நாலு பேர் சேர்ந்து சிரிக்கும்போது, இது இந்த நான்கில் எது என்று ஒரு நொடி மனதுக்குள் கேட்டுப் பழகுங்கள். குழந்தை செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்து வருகிற சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. புதிதாக வந்த தம்பி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத ஃபாஸ்ட் ரயில் எது, நிற்கிற ஸ்லோ ரயில் எது என்று தெரியாமல் மாட்டுங்காவில் இறங்க வேண்டியவன் குர்லா வரை போய்விட்டான் என்றால் அது அறியாமை. அவனே அதைச் சொல்லிச் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்கலாம், அவன் முகம் வாடியிருந்தால் எந்த இண்டிகேட்டரில் எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட வேண்டும். கவனமாக இருக்க வேண்டியது எள்ளலில்தான்.

அதற்கு நான் வைத்திருக்கிற விதி ஒன்றே ஒன்று. நீங்கள் கிண்டல் செய்கிற ஆள், உங்களை அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், அதே அளவுக்குத் திருப்பிக் கிண்டல் செய்ய முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அது நட்பு. முடியாது என்றால் செய்யாதீர்கள். அவர் உங்களிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம், உங்கள் மொழி தெரியாதவராக இருக்கலாம், வயதில் சின்னவராக இருக்கலாம், அல்லது நீங்கள் தொட்டுப் பேசிய விஷயம் அவர் மாற்றிக்கொள்ளவே முடியாத நிறமோ உயரமோ திக்குவாயோ சாதியோ ஊரோ ஆக இருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் விதி அதேதான். இனி சொல்லப்போவதெல்லாம் இந்த விதியை மும்பையில் எந்தெந்த இடத்தில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான்.

ரயிலில்

லோக்கல் ரயிலில் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே பெட்டியில் ஏறினால் ஒரு கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். சீட்டு ஆடுவார்கள், பஜனை பாடுவார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். நல்ல விஷயம்தான், தனியாக வந்த ஆளுக்கு இந்த ஊரில் முதல் நட்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் ஒரு கூட்டம் சிரிக்கும்போது அதில் சேராத ஒருவர் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார் என்பதை மறக்கக் கூடாது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாகப் பாதி உடம்பை வைத்து உட்கார இடம் கேட்கிறவரை ‘உங்க சைஸுக்கு ரெண்டு சீட் வேணுமே’ என்று சொல்லி, கூட்டமே சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு ஆள், இவர்கள் எட்டு ஆள். அவரால் என்ன திருப்பிச் சொல்ல முடியும்? கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, ‘எங்கே இறங்கணும்’ என்று கேட்டால் போதும், அடுத்த ஐந்து நிமிடத்தில் அவரே ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார்.

தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்கிற தைரியம் இருக்கிறதே, அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். எதிர் இருக்கைக்காரரின் வழுக்கையைப் பற்றி, நிற்கிற பெண்ணின் உடையைப் பற்றித் தமிழில் கமென்ட் அடித்துச் சிரிக்கிற பையன்களை அடிக்கடி பார்க்கிறேன். இது மும்பை. தாராவியில் வளர்ந்த மராத்திக்காரர், மாட்டுங்கா மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர், சயான் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்தவர் என்று நம் மொழி காதில் விழுந்தால் புரிகிறவர்கள் எல்லாப் பெட்டியிலும் இருப்பார்கள். அது போகட்டும், புரியாவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா? ஒருவரைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேர் சிரித்தால், மொழி தெரியாமலே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். கண்ணுக்கு மொழி கிடையாது.

மழைக்காலத்தில் பிளாட்பாரத்தில் வழுக்கி விழுகிறவர்களைப் பார்த்துச் சட்டென்று சிரிப்பு வந்துவிடும், அது உடம்பின் பழக்கம், அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. ஆனால் சிரிப்பு வருவதற்கு முன்னால் கை நீண்டுவிட வேண்டும். தூக்கிவிட்டு, பையை எடுத்துக் கொடுத்து, ‘அடி பட்டுச்சா’ என்று கேட்ட பிறகு, விழுந்தவர் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம். அவர் சிரிக்காவிட்டால் நீங்களும் சிரிக்கக் கூடாது. இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

நெரிசலில் யார் காலையாவது மிதித்துவிட்டால், பல்லைக் காட்டிச் சமாளிக்காதீர்கள். மிதிபட்டவருக்கு அது கேலியாகத்தான் தெரியும். முதலில் ‘மாஃப் கரா’ (மன்னிச்சிடுங்க) என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அவர் ‘சலேகா’ (பரவாயில்லை) என்றதும் புன்னகை செய்யுங்கள். இறங்குகிறவருக்கு வழி விடச் சொல்லவேண்டுமா, தோளில் இடிக்காமல் ‘காகா, ஜரா சர்கா நா’ (சித்தப்பா, கொஞ்சம் நகருங்களேன்) என்று கேளுங்கள். வயதுக்கு ஏற்ப காகா, தாதா (அண்ணன்), தாயி (அக்கா), மாவ்ஷி (சித்தி) என்று உறவு வைத்துக் கூப்பிட்டால் இந்த ஊர் உடனே இளகிவிடும், நம் ஊரில் அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது போலத்தான்.

ஆபீஸில்

ஆபீஸ் பேன்ட்ரியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் தமிழில்தான் பேசுவார்கள், பேசவும் வேண்டும். மூன்றாவதாக மராத்திக்காரரோ பீகார்க்காரரோ வந்து நின்றதும் என்ன செய்வது என்பதில்தான் பண்பு இருக்கிறது. பேச்சை நிறுத்திக்கொண்டு மௌனமாகிவிட்டால் அவரைப் பற்றித்தான் பேசினீர்கள் என்று நினைப்பார். தொடர்ந்து தமிழில் பேசிச் சிரித்தால் சந்தேகமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவார். நல்ல வழி, சிரித்த விஷயத்தை இரண்டே வரியில் ஹிந்தியில் அவருக்குச் சொல்லிவிடுவது. மொழி மாறும்போது ஜோக்கில் பாதி செத்துப்போகும், பரவாயில்லை. அவருக்கு வேண்டியது ஜோக் இல்லை, தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்ற நிம்மதி.

மற்றவர்களின் பேச்சைப் போல மிமிக்ரி செய்வது நம் ஆட்களுக்குப் பிடித்த விளையாட்டு. மலையாளிகளின் ஆங்கிலம், வடக்கத்தியர்களின் ‘இஸ்கூல்’, வங்காளிகளின் ‘ஓ’காரம். இதை ஏன் விட வேண்டும் என்று கேட்கிற தம்பிகளுக்கு இந்த ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1966-ல் சிவசேனை தொடங்கிய காலத்தில், ஆபீஸ் வேலைகளில் தென்னிந்தியர்கள் நிறைந்துவிட்டார்கள் என்று இங்கே ஒரு பெரிய எதிர்ப்பு எழுந்தது. ‘ஹட்டாவ் லுங்கி, பஜாவ் புங்கி’ (லுங்கியை விரட்டு, ஊதலை ஊது) என்பது அன்றைய கோஷம். நம் மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘யண்டு குண்டு’ என்று ஒரு கேலிப் பெயர். வேட்டியும் மொழியும் சிரிப்புக்குரிய பொருளாக ஆக்கப்பட்ட பிறகு, அடி வாங்குவதற்கும் கடை உடைபடுவதற்கும் ரொம்ப நாள் ஆகவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, அதன் பின்னால் கல் வந்தது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்டபிறகும் உத்தரப் பிரதேசத்துக்காரரை ‘பையா’ (ஹிந்தியில் அண்ணன்) என்று ஏளனமாக இழுத்துக் கூப்பிட்டுச் சிரிக்க ஒரு மும்பைத் தமிழனுக்கு மனசு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. நமக்கு எது வலித்ததோ அதை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

பெண்கள் இருக்கிற இடத்தில் இரட்டை அர்த்த ஜோக் வேண்டவே வேண்டாம். பெண்கள் இல்லாத இடத்திலும் உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேசாதீர்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சட்டத்துக்குப் பயந்து வாயை அடக்குகிறவர் வெறும் ஜாக்கிரதைக்காரர். அந்தப் பெண் எதிரில் இருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்து அடக்குகிறவரைத்தான் நான் தேடுகிறேன்.

மேலதிகாரி ஜோக் சொன்னால்? சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டால் இலேசாகப் புன்னகை செய்தால் போதும். விழுந்து விழுந்து சிரிக்கிறவர்களை அந்த அதிகாரிக்கே உள்ளுக்குள் பிடிக்காது. நீங்களே அதிகாரி என்றால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்: கீழே வேலை செய்கிறவர்கள் சிரிப்பதை வைத்து உங்கள் ஜோக் நன்றாக இருந்தது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள், டீமில் ஒருவரைக் குறிவைத்து மற்றவர்களைச் சிரிக்க வைக்காதீர்கள். அவர் அந்த நேரம் சேர்ந்து சிரிப்பார். அன்று இரவு வீட்டில் அவர் சாப்பிட மாட்டார்.

கேட்டில், வீட்டில்

பில்டிங் வாட்ச்மேன், டெலிவரி கொண்டுவரும் பையன், பாத்திரம் தேய்க்க வரும் மாவ்ஷி, ஆபீஸில் டீ கொண்டுவருபவர், இவர்கள் யாரும் உங்களைத் திருப்பிக் கிண்டல் செய்ய முடியாது. அதனால் இவர்களைக் கிண்டல் செய்யவே கூடாது, பாசமாகச் செய்கிறேன் என்பதும் வேண்டாம். தூங்கி வழிகிற வாட்ச்மேனைப் பார்த்து ‘கியா கும்பகர்ணன்’ என்றால் அவர் சிரிக்கத்தான் செய்வார், வேலை வேண்டுமே. அவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து மாற்று ஆள் வராததால் அடுத்த ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இங்கே ஹிந்தியில் ஒரு சின்ன விஷயம். நாம் ஹிந்தியை ரயிலிலும் கடையிலும் கற்றுக்கொள்வதால் ‘தும்’ (நீ) மட்டும் நன்றாக வருகிறது, கோபம் வந்தால் ‘தூ’ (டா போட்டுப் பேசுவது மாதிரி) வருகிறது. ஆட்டோக்காரர், வாட்ச்மேன், காய்கறிக்காரர் என்று எல்லாரிடமும் ‘ஆப்’ (நீங்கள்) என்று பேசிப் பழகுங்கள். மராத்தியில் ‘தும்ஹி’. ஆரம்பத்தில் வாக்கியம் தடுமாறும், வினைச்சொல் தப்பாக வரும், பரவாயில்லை. தப்பான இலக்கணத்தில் கொடுக்கும் மரியாதையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் நடப்பதுதான் கஷ்டமான பகுதி. வெளியே தங்கமான மனிதர் என்று பெயர் வாங்கியவர்கள் பலர், விருந்தாளி வந்ததும் மனைவியைக் கேலிப் பொருளாக்கிவிடுவார்கள். சாம்பாரில் உப்பு, பர்ஸில் ஓட்டை, மாமியார் வீட்டு போன். வந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் தட்டை எடுத்துக்கொண்டே சிரித்து வைப்பாள். அவள் அதே விருந்தாளி முன்னால் உங்கள் குறட்டையைப் பற்றி, உங்கள் சம்பளத்தைப் பற்றி, நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொல்ல முடியாமல் விழுங்கிய வார்த்தையைப் பற்றி அதே அளவுக்குப் பேசிச் சிரிக்க முடியுமா? முடியும், நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள் என்றால் உங்கள் வீடு நல்ல வீடு, எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால் உப்பு குறைவு என்பதை விருந்தாளி போனபிறகு சொல்லலாம், அல்லது நீங்களே போட்டுக்கொள்ளலாம். கல்யாணமானவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற மனைவி ஜோக்குகளுக்கும் இதுவே பதில். ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. கண்ணில் நீர் வர விழுந்து சிரிக்கிற அந்த மஞ்சள் முகத்தை அழுகிற முகம் என்று நினைத்து, சாவுச் செய்திக்குக் கீழே போட்டுவிடுகிற பெரியவர்கள் எல்லாச் சொஸைட்டி குழுவிலும் இருக்கிறார்கள். அப்போது குழுவிலேயே சிரிக்காமல் அவரைத் தனியாக போனில் கூப்பிட்டு, ‘மாமா, அந்தப் படத்தை எடுத்துட்டுக் கைகூப்புற படத்தைப் போட்டுடுங்க’ என்று மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். எடுப்பது எப்படி என்றும் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாது.

மற்றவர்கள் தப்பாகச் சிரிக்கும்போது

உங்கள் நாக்கை நீங்கள் அடக்கிவிடலாம். கூட்டமே ஒருவரைச் சுற்றி நின்று சிரிக்கும்போது என்ன செய்வது? பெரிய பிரசங்கம் வேண்டாம், பிரசங்கம் செய்தால் அடுத்த கேலி உங்கள்மேல் திரும்பும், அந்த ஆளுக்கும் இரண்டு மடங்கு கூச்சமாகிவிடும். நான் நம்புகிற வழிகள் சில இருக்கின்றன. முதலாவது, சிரிக்காமல் இருப்பது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஐந்து பேரில் ஒருவர் சிரிக்காவிட்டால் ஜோக் சொன்னவருக்கு உடனே தெரியும். அடுத்தது, ‘எனக்குப் புரியலையே, இதுல என்ன ஜோக்?’ என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பது. ஒருவருடைய நிறத்தையோ சாதியையோ வைத்துச் சொன்ன ஜோக்கை வாய்விட்டு விளக்கிச் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. மூன்றாவது, கேலிக்கு ஆளானவரிடம் அந்த நொடியே வேறு ஏதாவது உண்மையான விஷயம் கேட்பது: ‘நீங்க போன வாரம் சொன்ன அந்த ரிப்போர்ட் முடிஞ்சிடுச்சா?’ கேள்வி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கூட்டம் அவரை ஒரு பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து மறுபடி மனிதராகப் பார்க்கத் தொடங்கும். அப்புறம் தனியாக, ஜோக் சொன்னவரைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய், ‘மச்சான், அது வேண்டாம்டா, அவன் முகத்தைப் பாத்தியா?’ என்று சொல்லுங்கள். நண்பர் என்றால் கேட்பார்.

சிரிக்க வைக்க ஜோக் வேண்டியதில்லை

இவ்வளவு தடை போட்டால் அப்புறம் எதை வைத்துத்தான் சிரிப்பது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று உட்கார்ந்து குறித்தார். ஜோக் போன்ற ஏதோ ஒன்றுக்குப் பிறகு வந்த சிரிப்பு நூற்றில் இருபதைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’, ‘எங்கே போயிருந்தே?’ மாதிரி சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். ஆக, சிரிப்பு வருவது பக்கத்தில் இருக்கும் ஆளால்.

இதை மும்பை தன் அனுபவத்திலேயே கண்டுபிடித்தது. 1995 மார்ச் மாதம் டாக்டர் மதன் கட்டாரியா அந்தேரி லோகண்ட்வாலா பகுதியில் ஒரு பூங்காவில் ஐந்து பேருடன் சிரிப்பு மன்றம் தொடங்கினார். முதலில் ஒவ்வொருவராக நடுவில் வந்து ஜோக் சொல்வார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். கூட்டம் பெருகியது, ஆனால் இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக்குகள் தீர்ந்துபோய், ஆபாசமும் அடுத்தவரைப் புண்படுத்துவதும் தலைகாட்ட ஆரம்பித்தன, சிலர் வருத்தப்பட்டார்கள். மன்றத்தை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தபோது அவர் ஜோக்கைத்தான் எடுத்தார், சிரிப்பை வைத்துக்கொண்டார். வெறுமனே கைதட்டி, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, போலிச் சிரிப்பு நிஜச் சிரிப்பாக மாறுகிற அந்த முறைதான் பிறகு உலகம் முழுக்கப் போனது. மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையை உலகச் சிரிப்பு தினமாகக் கொண்டாடுவதும் இதிலிருந்து வந்ததுதான். ஜோக் போன பிறகும் சிரிப்பு நிலைத்தது என்பதை இந்த ஊர்க்காரர்களே நிரூபித்திருக்கிறார்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? இருவருக்கும் பொதுவாக இருக்கிற கஷ்டத்தைப் பேசுங்கள். மழை, தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்துகிற மெகா பிளாக், வீட்டு வாடகை டெபாசிட், லிஃப்ட் ரிப்பேர், இவை எல்லாருக்கும் சமம், இதைச் சொல்லிச் சிரித்தால் யாருக்கும் வலிக்காது. போன தடவை ஒருவர் சொன்ன வேடிக்கையை நினைவில் வைத்திருந்து, அடுத்த தடவை பார்க்கும்போது ‘அந்த எலி மாட்டிச்சா?’ என்று கேளுங்கள். தன் பேச்சை ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்ற சந்தோஷத்திலேயே அவர் சிரிப்பார். வயதானவர் ஏற்கெனவே சொன்ன கதையைத் திரும்பச் சொன்னால் முடிவை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், அவர் சிரிக்கிற இடத்தில் சேர்ந்து சிரியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அடுத்தவர் சொல்லும் வேடிக்கைக்கு மனம்விட்டுச் சிரிப்பது. சபையில் எப்போதும் தானே பேசித் தானே சிரிக்க வைக்க வேண்டும் என்று துடிக்கிறவரைவிட, சின்ன ஜோக்குக்கும் முகம் மலர்ந்து சிரிக்கிறவர் பக்கத்தில்தான் எல்லாரும் உட்காரப் பார்ப்பார்கள்.

கேலி உங்கள்மேல் வந்தால்

உங்களைக் கேலி செய்தால் எப்படி நடந்துகொள்வது என்பதிலும் பண்பு உண்டு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்ற பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், எள்ளலில் பிறக்கும் நகையை இரண்டு பக்கமாகவும் பார்க்கிறார்: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது. இரண்டாவது வந்தால்தான் முதலாவதற்கு உரிமை உண்டு என்பது என் அபிப்பிராயம். நீங்கள் செய்த காரியத்தைப் பற்றிய கேலி என்றால், வடபாவுக்குள் இருந்த முழு மிளகாயைக் கடித்துவிட்டு நீங்கள் துள்ளியதைப் பற்றி என்றால், எல்லாருக்கும் முன்னால் முதல் ஆளாகச் சிரித்துவிடுங்கள். நீங்கள் பிறந்த ஊரையோ மொழியையோ நிறத்தையோ பற்றியது என்றால் சேர்ந்து சிரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘மதராசி, இட்லி சாம்பார்’ என்று யாராவது ஆரம்பித்தால் கோபப்படாமல், ‘பெயரைச் சொல்லியே கூப்பிடுங்களேன்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். பலபேர் அதோடு விட்டுவிடுவார்கள், கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர்கள் குறைவு. ‘மஜாக் தா யார்’ என்று மறுபடி மறுபடி செய்கிறவரிடம் மட்டும் தனியாக, நேராக, சிரிக்காமல் பேசுங்கள்.

இதே ‘விளையாட்டுக்குத்தான் சொன்னேன்’ என்ற வார்த்தையை நீங்களும் பயன்படுத்தக் கூடாது. உங்கள் வாயிலிருந்து வந்த கேலி ஒருவரைக் குத்திவிட்டது என்று தெரிந்தால், எந்த இடத்தில் சொன்னீர்களோ அங்கேயே, எந்த ஆட்கள் கேட்டார்களோ அவர்கள் முன்னாலேயே, ‘நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். நாலு பேர் முன்னால் கிண்டல் செய்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது கணக்குக்கு ஆகாது. ‘நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள், அது பழியை அவர் தலையில் போடுவது. அவர் உடனே சிரித்துப் பேசிவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாகத் துக்க வீடும் ஆஸ்பத்திரியும். இந்த இரண்டு இடத்திலும் சிரிக்கவே கூடாது என்று நினைத்து இறுகிப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு, வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துக் காட்டிச் சூழலை இலகுவாக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அங்கே சிரிப்பை முதலில் ஆரம்பிக்கும் உரிமை படுத்திருப்பவருக்கோ, இழந்தவருக்கோ மட்டும்தான். செம்பூரிலோ சயானிலோ ஒரு பெரியவர் வார்டில் படுத்திருக்கிறார், பார்க்கப் போகிறீர்கள் என்றால், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள், உடம்பைப் பற்றி ஒருமுறை மட்டும் கேளுங்கள், பிறகு அவர் இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்கே தங்கினார், எந்த மெஸ்ஸில் சாப்பிட்டார் என்று கேளுங்கள். அவரே ஏதாவது ஒரு இடத்தில் சிரிப்பார். இருமல் வரும் என்பதால் அவர் சிரிக்கும்போது தண்ணீர் டம்ளரைக் கைக்கெட்டுகிற தூரத்தில் எடுத்து வையுங்கள், விசிட்டிங் நேரம் முடிவதற்கு முன்னால் எழுந்துவிடுங்கள்.